ஜாலா அண்ணன் கடித்துப் பார்த்த வலைகள்

ஜெலுத்தோங் கடலோரத்தில் ஜாலா அண்ணனைப் போல வீச்சுவலை வாங்கத் தெரிந்தவர் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்தாலும் கடைக்காரர்கள் உயிரோடு விடமாட்டார்கள். 'ஜாலா' என்றால் மலாயில் வீச்சுவலை. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

நானும் அவரும் ஒரே ஃபிளாட் கட்டடம், ஒரே மாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலுக்கு உயிர் இரை பிடிக்க அவர் வலை வீசுவார், நான் வாளி தூக்குவேன்.

வலை வாங்கப் போனால் எல்லாரும் கண்ணியின் அளவைப் பார்ப்பார்கள், ஈயக்குண்டின் கனத்தைப் பார்ப்பார்கள். அண்ணனும் பார்ப்பார். பிறகு ஓரக் கயிற்றை வாயில் வைத்துக் கடிப்பார். ஓரத்தைப் பல்லில் பிடித்து, உடம்பைச் சுழற்றி வீசி, சரியான நேரத்தில் வாயைத் திறந்தால்தான் வலை வட்டமாக விரியும் என்பது வாஸ்தவம்தான். அதற்காகக் கடையில் தொங்கும் வலை அத்தனையையும் கடிப்பது எந்த ஊர் நியாயம்?

"அங்கிள், கடிச்சா வாங்கணும்லா," என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே அழாத குறையாகச் சொல்வார்.

"சட்டை வாங்குறப்ப போட்டுப் பாக்குறோம்ல? அதே மாதிரிதான் தவுக்கே," என்பார் அண்ணன், அடுத்த வலையைக் கடித்துக்கொண்டே.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். கை கால் தப்பின, முன்பற்கள் போயின. பொய்ப்பல் கட்டிய டாக்டர், கயிறு கியிறு கடிக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். முழங்கையில் போட்டு வீசுங்கள், தோளில் போட்டு வீசுங்கள் என்று ஆளாளுக்கு வழி சொன்னோம். எல்லாம் செய்து பார்த்தார். வலை, பிழிந்த கைலி மாதிரி சுருண்டு விழுந்தது. அதோடு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். கடலுக்கு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை என்று அண்ணி என்னிடம் வந்து அழுதார்.

"ஐஸ் எறா வாங்கித் தூண்டில்ல மாட்டுங்களேன் அண்ணே," என்றேன்.

"அதுக்கு நான் பசார்லயே மீன் வாங்கிட்டு வந்துருவேன் தம்பி." குரலில் உயிரே இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "என் பல்லு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் நிமிர்ந்து என் வாயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பெண் கொடுத்த மாமனார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாளே கடைக்குப் போனோம். இந்தத் தடவை கடித்தது நான். "கயிறு தடிப்பா இருக்கா? தாடை வலிக்குதா?" என்று அண்ணன் கேட்கக் கேட்க, வரிசையாகக் கடித்துக்கொண்டே போனேன். ஒருவர் இருவரானதைக் கண்ட தவுக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் என் தாடைக்கு அடங்கிய சின்ன வலை ஒன்றை எடுத்தோம்.

கடலோரத்தில் அவர் வலையைப் பிடிக்க, நான் பக்கத்தில் ஓரத்தைக் கடித்தபடி நிற்க, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் போனை எடுத்துவிட்டார்கள்.

"விடுன்னா விடணும் தம்பி, சரியா?"

முதல் வீச்சில் நான் விடவில்லை. வலையோடு சேர்ந்து நானும் தண்ணீரில் போய் விழுந்தேன். அடுத்ததில் சீக்கிரமே விட்டுத் தொலைத்தேன். வெயில் ஏறிய பிறகு ஒரு வீச்சு, அம்மாடி, தோசை மாதிரி வட்டமாக விரிந்து விழுந்தது. இழுத்தால் உள்ளே மடவைக் குஞ்சுகள் துள்ளுகின்றன. அண்ணன் பொய்ப்பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இப்போது ஞாயிறு விடிந்தால் அவர்தான் என் கதவைத் தட்டுகிறார்.

போன வாரம் என் வாயைச் சோதித்த பல் டாக்டர், முன்பல் ஒன்று ஆடுகிறது, எடுத்துவிடலாம் என்றார்.

"அது என் பல்லு மட்டும் இல்ல டாக்டர்," என்றேன். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."