மூடிய புட்டிக்கு ஜாதகம்

பிரான்ஸின் ஒயின் சீமையான பர்கண்டியில் நவம்பர் பிறந்தால் மூடுபனி வருகிறதோ இல்லையோ, கஸ்தான் வந்துவிடுவார். பல்லக்கில் வைத்துத் தூக்காத குறைதான். கறுப்பு மேலங்கி, கையில் ஒரு பட்டு நூல், நூலின் முனையில் பித்தளைக் குண்டு. ஒயின் புட்டிக்கு மேலே நூலைப் பிடிப்பார். குண்டு வட்டமாகச் சுற்றினால் ஒயின் 'பாடுகிறது', இருபது வருடத்தில் பத்து மடங்கு விலை. சும்மா தொங்கினால் 'செத்துவிட்டது'.

மனிதனுக்கு ஜாதகம் பார்த்தால் சிரிக்கிற படித்த கூட்டம், புட்டிக்கு ஜாதகம் பார்க்க வரிசையில் நின்றது. லியோன் நகரத்துப் பல் டாக்டர் வந்தார். பாரிஸ் வக்கீல்கள் வந்தார்கள். எல்லோரும் முதலீட்டுக்காக ஒயின் வாங்கிப் பூட்டி வைக்கிறவர்கள். அதைக் குடிக்கிற கெட்ட பழக்கம் ஒருவருக்கும் கிடையாது.

ஓதில் ரவிஞோவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவள் ஒயின் செய்கிறவள். பீப்பாயில் ஆவியாகிக் குறைகிறதை வாராவாரம் நிரப்பி, சுவைத்துச் சுவைத்துப் பற்கள் கறுத்தவள். போன வருடம் கஸ்தான் அவளிடமும் தட்சிணை கேட்டார். கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர்களின் ஒயினெல்லாம் பாடியது. இவள் கொடுக்கவில்லை, இவள் ஒயின் செத்துப்போனது. வாங்குவதாகச் சொன்னவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். தோட்டத்தில் பாதிப் பங்குக்காரனான தம்பி ரெமி, எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று நச்சரிக்க ஆரம்பித்தான்.

"செத்த ஒயினக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குக்கா மாரடிக்கிறது? ஊரே சொல்லுது."

"சொன்னவன்ல எவனாவது குடிச்சுப் பாத்தானா?"

"அவரு வாக்கு இத்தன வருஷத்துல ஒரு தடவகூடப் பொய்யாகல."

"எப்படிடா ஆகும்? பூட்டி வெச்ச புட்டி எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லுமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. சமையலறைக்குப் போய், மிச்ச ஒயின் ஊற்றி வைக்கிற பழைய மண் ஜாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கஸ்தானுக்கு ஆள் அனுப்பினாள்: தட்சிணை தருகிறேன், வந்து ஆறு புட்டிகளைப் பாருங்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மறுநாள் நிலவறை நிரம்பி வழிந்தது. அந்தப் பக்கத்தில் புட்டிக்குச் சீட்டு ஒட்டுவது விற்கிற அன்றுதான். அதனால் மேசைமேல் ஆறு புட்டிகள் அம்மணமாக நின்றதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

"யாரு செஞ்சதும்மா?" என்றார் கஸ்தான்.

"நானே நிரப்பி நானே தக்கை அடிச்சது. எதுல என்ன இருக்குன்னு நான் சொல்றது மரியாதை இல்ல. உங்க குண்டுக்குத் தெரியாததா?"

தட்சிணை உறை மேலங்கிக்குள் போனது. குண்டு ஆட ஆரம்பித்தது. முதல் புட்டி தூங்குகிறதாம். அடுத்த இரண்டும் சுமாராம். நாலாவது செத்துவிட்டதாம். ஐந்தாவது லேசாக இருமுகிறதாம். ஆறாவதன் மேல் குண்டு பம்பரமாகச் சுற்றியது. "இது ராஜா," என்றார். கண்கூடக் கலங்கியது. உறை கனமாக இருந்திருக்க வேண்டும்.

"ராஜா எனக்குத்தான். விலையச் சொல்லும்மா," என்று பல் டாக்டர் முண்டியடித்தார்.

"முதல்ல செத்ததத் தொறப்போம் டாக்டர். செத்ததுக்கு வலிக்கப் போறதில்ல. யார்கிட்டயாவது தக்கை திருகி இருக்கா?"

ஒருவரிடமும் இல்லை. ஒயினில் பணத்தைக் கொட்டியவர்கள் அத்தனை பேர், ஒருவர் பையிலும் ஒரு திருகி கிடையாது. ஓதில் தன் ஏப்ரன் பையிலிருந்து எடுத்தாள்.

தக்கை வந்ததும் புளித்த காடி நெடி மூக்கைத் துளைத்தது. கூட்டம் கைதட்டியது. "பாத்தியாக்கா? அப்பவே செத்துருச்சுன்னாரே," என்றான் ரெமி. கஸ்தான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டார்.

ஓதில் ராஜாவைக் கையில் எடுத்தாள். கஸ்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"வேணாம்மா. காத்துப் பட்டா ராஜாவோட உசுரு போயிடும்."

"ஒரு வாய் குடிக்கிற வரைக்கும் தாங்காதா என்ன?"

திருகினாள். அதே நெடி. தூங்கிக்கொண்டிருந்ததைத் திறந்தாள், அதே நெடி. சுமாரான இரண்டும் இருமியதும் அப்படித்தான். நிலவறை ஊறுகாய்க் கடையாக நாறியது. இப்போது யாரும் கைதட்டவில்லை.

"ஆறும் ஒரே ஜாடியில மொண்டது. நாங்க சாலட்டுக்கு ஊத்துற காடி. நேத்துதான் நிரப்புனேன்."

"இந்த வீட்டுல ஏதோ கெட்ட அதிர்வு இருக்கு, அதனாலதான்..." என்று சொல்லிக்கொண்டே கஸ்தான் படியேறப் பார்த்தார். படியில் ரெமி நின்றான்.

"அதிர்வு உங்க விரல்லதான் இருக்கு. உறைய வெச்சுட்டுப் போங்க."

அவர் போனதும் ஓதில், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பீப்பாயிலிருந்து ஒரு குவளை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். அவன் மெதுவாகக் குடித்தான். குவளையை மறுபடியும் நீட்டினான்.

"தோட்டத்த விக்க வேணாம்க்கா."

அவள் குவளையை நிரப்பினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

பல் டாக்டர் மட்டும் இன்னும் ராஜாவின் திறந்த புட்டியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். "ஏம்மா அதைத் தொறந்தீங்க? மூடியே வெச்சிருந்தா இந்நேரம் விலை ஏறியிருக்குமே."

ஓதில் தக்கை திருகியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இத எடுத்துட்டுப் போங்க டாக்டர். புட்டிக்கு இது போதும். தலையில அடிச்சு வெச்சிருக்கிற தக்கைய நீங்களேதான் திருகணும்."