முடிந்த போருக்குப் படை அனுப்பிய தீர்மானம்

வெளிநாட்டுப் போருக்குப் படை அனுப்பலாமா என்ற விவாதம் அவையில் பாதியில் இருந்தபோது, போரே முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பெரிய இடைஞ்சல். பேசவேண்டியவர்கள் பாதிப்பேர் இன்னும் வாயே திறக்கவில்லை.

தொடங்கிய விவாதத்தை வெளியே நடக்கிற சில்லறைச் சம்பவங்களுக்காக நிறுத்த முடியாது என்று மாண்புமிகு அவைத்தலைவர் தீர்ப்பளித்தார்.

கடைசி வரிசையிலிருந்த ‘மேசைத்தட்டி’ உறுப்பினருக்கு மட்டும் அந்தச் செய்தி வயிற்றில் பால் வார்த்தது. பேச்சின் நடுவே அமைச்சர் மூச்சு வாங்கினால் மேசையில் முதல் தட்டு அவருடையது. அந்தக் கைக்காகத்தான் கட்சி சீட்டே கொடுத்தது. அவருடைய ஒரே மகன் சிப்பாய். படை கிளம்பினால் முதல் வண்டியில் அவன்தான். இனி பையன் போகவேண்டாம் என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

பாதுகாப்பு அமைச்சர் எழுந்தார். “நாம் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தது படையை. போர் அவர்கள் பாடு, படை நம் பாடு.”

எதிர்க்கட்சித் தலைவர் கொதித்துப்போனார். சண்டை நடந்தபோதே இவ்வளவு பேரை அனுப்பத் துணிந்த அரசு, ஆபத்தே இல்லாத இப்போது இரண்டு மடங்கு அனுப்பாதது கோழைத்தனம் என்றார். அரசு பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. செலவுக்கு எங்கே போவது என்று யாரோ கேட்டதற்கு, பள்ளிக்கூட நிதியை எடுக்கலாம், பள்ளிக்கூடங்கள் எங்கேயும் ஓடிவிடாது என்று பதில் வந்தது.

மேசைத்தட்டி ‘வேண்டாம்’ என்று சொல்ல எழுந்தார். அந்த நேரம் பார்த்து, பேசிக்கொண்டிருந்த அமைச்சர் மூச்சு வாங்கினார். பழகிய கை, படாரென்று மேசையில் விழுந்தது. அதைப் பார்த்து அவை முழுக்கத் தட்டியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எழுந்து நின்றே தட்டிய தேசபக்தர் என்று, படையை வழியனுப்பும் மரியாதையும் அவருக்கே கிடைத்தது.

மறுவாரம் மைதானத்தில் முதல் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே மகன். கூட்டத்தில் மேசைத்தட்டியின் மனைவி. கட்சிக் கொறடா அவர் கையில் கொடியைத் திணித்தார்.

“அண்ணே, கொடி அசைஞ்சாத்தான் வண்டி நகரும். அதான் விதி.”

“அசைக்கலைன்னா?”

“அதுக்கு விதியே இல்லண்ணே. அவை கூடித்தான் பேசணும்.”

“பேசி முடிக்க எத்தனை நாளாகும்?”

“நம்ம ஆளுங்களா? பையனுக்குப் பென்ஷனே வந்துடும்.”

வாத்தியம் முழங்கியது. எதற்கென்று தெரியாமலே கூட்டம் கைதட்டியது. கொடியை அசைக்கச் சொன்னார் கொறடா. அமைச்சரும் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

மேசைத்தட்டி அசைக்கவில்லை.