செந்துணி அம்மையாரும் ஒரு கைக்குட்டையும்

நோயை அறிய மருத்துவர் வேண்டாம், கருவி வேண்டாம், மூளை அறவே வேண்டாம். துவைத்த வெள்ளைத் துணி ஒன்று போதும். இந்தப் பேருண்மை பரவிய நாள்முதல் செந்துணி அம்மையாரின் மாடிப்படியில் எள் போட்டால் எள் விழவில்லை. தலையணைக்கடியில் ஓரிரவு வைத்த துணியைப் பெண்கள் பயபக்தியோடு நீட்டுவார்கள். அம்மையார் அதன்மேல் மஞ்சள்நிறத் தீர்த்தம் தெளிப்பார். சிவந்தால், கருப்பை வாயில் சாபம். யார் துணிதான் சிவக்கவில்லை?

வரிசையில் நின்ற தையற்காரிக்குச் சில மாதங்களாகவே மாதவிலக்குக்கு இடையிலும் உதிரம் படுகிறது. மருத்துவரிடம் சொல்ல நாக்கூசியது. துணியிடம் சொல்லக் கூச்சமென்ன? போன முறை அவள் துணியும் சிவந்தது; பூசைக்குப் பின் அம்மையாரே தந்த துணி மஞ்சளாக நின்றது. "சாபம் போயிடுச்சு மகளே. ஆஸ்பத்திரிப் பக்கம் போனா திரும்பி வந்துடும்" என்ற எச்சரிக்கையும் கிடைத்தது. இன்று மறுபடியும் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள்.

உடன் வந்த நாத்தனார் பேருந்து நடத்துநர். செல்லாத சீட்டை முகர்ந்தே கண்டுபிடிப்பவள்.

"ரத்தம் நின்னுதா அண்ணி?"

"நிக்கல. ஆனா துணி சுத்தம்னு சொல்லிடுச்சே."

"ரத்தம் போறது துணிக்கா, உங்களுக்கா?"

முறை வந்ததும் நாத்தனார் முந்திக்கொண்டு தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். "எங்க வீட்டுத் துணிங்க, பாத்துச் சொல்லுங்க." ஓரத் தையலைக் கண்டதுமே தையற்காரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவள் கையால் ஓரமடித்த கைக்குட்டை, கணவனுடையது.

தீர்த்தம் விழுந்தது. துணி சிவந்தது.

"கருப்பை வாய் முழுக்கச் சாபம். பெரிய பூசை பண்ணாதான் கரு தங்கும்."

"எங்க அண்ணனுக்கா?"

"யாருக்கு?"

"இது அண்ணன் கைக்குட்டைங்க. அவருக்குக் கருப்பை எப்ப முளைச்சுதுன்னு தெரியல. பிரசவம் எப்பன்னும் சொல்லிடுங்க, லீவு போடணும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "புருசன் பொண்டாட்டி ஓருடல்" என்று அம்மையார் தத்துவத்தில் புகுமுன், நாத்தனார் தீர்த்தக் குவளையை அவருடைய வெள்ளை முந்தானையிலேயே சாய்த்தாள். வெளுத்த முந்தானை வெட்கத்தால் சிவந்தது.

"சோப்பு தங்கின துணியில மஞ்சத்தண்ணி பட்டா செவக்கும், அவ்வளவுதான். நீங்க குடுக்குற துணி சோப்பையே பாத்ததில்ல."

ஆக, சாபம் பீடித்ததெல்லாம் சோப்புப் போட்டுத் துவைத்தவர்களை.

அன்று பிற்பகலே தையற்காரி மருத்துவமனைக்குப் போனாள். பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் சொன்னார்: "இது ஹெச்.பி.வி.ங்கற வைரஸோட வேலை. இன்னும் புத்துநோயா மாறல. கருப்பை வாயில கெட்டுப்போன சதையை இப்பவே எடுத்துடலாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா சொல்றதுக்கில்ல."

"இது பொம்பளைங்க சாபம்னு சொன்னாங்களே?"

"கிருமி ஆம்பளை உடம்புலயும் இருக்கும்மா, உறவுல பரவும். பிள்ளைங்களுக்கு ஒம்பது வயசு ஆனதும் இதுக்குத் தடுப்பூசி போட்டுடுங்க. பையனுக்கும் போடலாம்."

கருப்பையில்லாத கணவனின் கைக்குட்டை, அம்மையாரைவிட உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது.

தையற்காரி பிழைத்தாள். அம்மையாரோ வேறு ஊரில் முட்டையில் நோய் பார்ப்பதாகக் கேள்வி. அங்கும் மாடிப்படி நிறைந்திருக்கிறதாம். கொண்டுபோங்கள் முட்டையை. கூடவே நாத்தனார் கேட்டதுபோல ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள். அங்கே உடையப்போவது முட்டையா, அவர் புளுகா என்று தெரிந்துவிடும்.