ஆடு போட்ட பாலிஷ்

கொல்லிமலையில் பளபளப்பைக் கண்டால் கோபம் வருகிற ஒரே பிறவி எங்கள் பாலிஷ் அக்காதான். கல்யாண வீட்டில் ஊரே பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும், அக்கா குத்துவிளக்கைப் பார்ப்பார். “என்னத்துக்குங்க இப்படித் தேச்சு வெச்சிருக்கறாங்க? மொட்டத் தலையாட்ட மின்னுது!” என்று பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வார். எதிரே பெண்ணின் மாமா, தலையில் ஒரு முடி இல்லாமல், பாயச வாளியோடு நிற்பார்.

இந்த மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். அப்படி எடப்புளி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்தபோது அக்கா வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். கீழே அவர்கள் விளக்குப் பட்டறை. அக்காவின் வீட்டுக்காரர் பித்தளைத் தகட்டை வெட்டி, இலையும் கொடியுமாகத் துளை போட்டு, தொங்குவிளக்கும் சுவர்விளக்கும் செய்வார். அவர் தம்பி போனில் ஆர்டர் பிடித்து, சரக்கைச் சேந்தமங்கலத்துக்கு இறக்குவார். நிறம் ஏற்றுவது அக்கா; பாலிஷ் அக்கா என்ற பேரே அதனால்தான். கருப்பட்டியும் மிளகும் கலந்தாற்போல ஒரு பழுப்பு. பட்டணத்தில் அதற்கு ஆன்டிக் பினிஷ் என்று பெயராம்.

அந்த நிறம் வருகிற இடம் ஆட்டுக் கொட்டாய். விளக்கைப் புளி போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டாய் விட்டத்தில் தொங்கவிட்டு, நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிடுவார். உள்ளே ஆடுகள் தம் பாட்டுக்கு இருக்கும். அவை விடுகிற மூத்திர நெடியில் பித்தளை மெல்ல மெல்லக் கறுக்கும். பிறகு துடைத்து, மேலே மெல்லிசாக ஒரு வார்னிஷ். “பட்டணத்துல மருந்து ஊத்தறாங்க, எங்களுக்கு ஆடு ஊத்துதுங்க” என்பார் அக்கா, பெருமையாக.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் கதவில் பூட்டைக் காணோம். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. படியில் ஒரு கிடா கட்டியிருக்கிறது.

“அக்கா, என் பூட்டு!”

“அதுங்களா டீச்சர்? கண்ணு கூசுச்சு. எங்கிட்ட இருக்கற சாவியில தொறந்து, கொட்டாய்ல தொங்க உட்டிருக்கறேன்.”

“வீடு திறந்து கிடக்குதே!”

“அதுக்குத்தான கெடாயக் கட்டியிருக்கறேன்? அவனைத் தாண்டி எவன் வருவான்?”

அவன் ஒருத்தரையும் விடவில்லை, என்னையும்தான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில். பூட்டு திரும்பி வந்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. சாவிதான் உள்ளே போகவில்லை.

அப்படியிருக்கையில் பட்டறைக்கு ஆர்டர் வறண்டுபோனது. ஏற்காட்டில் புதிதாகக் கட்டுகிற ஓட்டல் ஒன்றிலிருந்து மட்டும் மாதிரி கேட்டார்கள். “இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிர்றனுங்க அண்ணி” என்றார் தம்பி. தம்பி போனால் பட்டறை மூட வேண்டியதுதான். ஏனென்றால் போனை அக்கா எடுத்தால் வியாபாரம் அத்தோடு சரி. “ஏனுங்க, உங்க ஊட்டுக்கு எதுக்கு இத்தாப்பெரிய லைட்டு? கரண்ட் பில்லு கட்டுவீங்களா?” என்று கேட்கிற ஆள்!

மாதிரி விளக்கு ஓட்டல் முதலாளி மேடத்துக்குப் பிடித்துவிட்டது. “இந்த நிறம் எங்கே ஏத்தறீங்க, நேரில் பார்க்கணும்” என்று போன். தம்பி ஏற்கெனவே வாய் நீண்டு, “அதுக்குன்னு தனி சேம்பர் வெச்சிருக்கறமுங்க” என்று அளந்துவிட்டிருந்தார். இப்போது சேம்பருக்கு எங்கே போவது?

அக்கா மலைக்குக் கீழே ஒரு கல்யாணத்துக்குப் போன சமயம் பார்த்துத் தம்பி காரியத்தில் இறங்கினார். ஆடுகளையெல்லாம் திருப்புலி நாட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டிவிட்டார். கொட்டாயைப் பினாயில் ஊற்றிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, டியூப்லைட் மாட்டினார். வாசலில் ‘பினிஷிங் யூனிட்’ என்று ஒரு போர்டு. உள்ளே புது விளக்குகளையும் தொங்கவிட்டார். மறுநாள் சாயங்காலம் அக்கா வந்து பார்த்தால், விளக்குகள் ஒவ்வொன்றும் அந்தப் பாயச மாமா தலையாட்டம் ஜொலிக்கின்றன.

“தம்பி, நம்ம நாலுகால் மிசினெல்லாம் எங்க சாமி?”

“அண்ணி, நாளைக்கு மேடம் வாராங்க. கொட்டாய் நாறக் கூடாதுன்னு...”

“நாறாம எப்படிடா நெறம் வரும்?”

விடிந்ததும் அக்காவைக் காணோம். மேடம் கார் வந்து நின்றது. தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு கொட்டாய்க்குள் கூட்டிப் போனார். “சுத்தமா இருக்கு. ஆனா இதுல எப்படி நிறம் ஏறுது?” என்று மேடம் கேட்க, தம்பி டியூப்லைட்டைக் காட்டினார், போர்டைக் காட்டினார், கடைசியில் என்னைக் காட்டினார். நான் எதைக் காட்டுவது?

நல்லவேளை, மணிச் சத்தம் கேட்டது. மேட்டிலிருந்து மந்தையோடு அக்கா இறங்கி வந்தார், கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையிலேயே. “இவங்கதானுங்க நெறம் ஏத்தறது” என்று ஆடுகளைக் காட்டி முழுக் கதையையும் சொன்னார். மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். அதற்குள் கிடா அவர் துப்பட்டாவில் பாதியைத் தின்றுவிட்டது.

“எல்லா விளக்கும் ஒரே நிறமா வருமா?”

“வராதுங்க. ஒண்ணு கறுப்பா வரும், ஒண்ணு செவப்பா வரும். ஒரே மாதிரி வேணுமுன்னா டப்பா பெயிண்ட் அடிச்சுக்குங்க.”

தம்பி திண்டாடிப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் “சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு போன் வரவில்லை. தம்பி துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வைத்தார். அக்கா யாரையும் திட்டவில்லை. அவரைக் கிளறிவிடலாம் என்று நான் வாங்கிய புது எவர்சில்வர் குடத்தை அவர் கண்ணெதிரே வெயிலில் வைத்தேன். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தம்பி மூட்டையைத் தோளில் போட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிய காலையில்தான் மேடம் கூப்பிட்டார். வேறு வேறு நிறமாகவே இருக்கட்டும், ஓட்டல் முழுக்க உங்கள் விளக்குதான், ஆனால் வாடை மட்டும் வரவே கூடாது என்றார். தம்பி மூட்டையைப் பொத்தென்று போட்டார். அக்கா ஆடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்.

வாடை பார்க்கிற உத்தியோகம் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் விளக்கு விளக்காக மோந்து பார்க்க வேண்டும். “இதுல லேசா வருதுக்கா” என்றேன் ஒருநாள்.

“அது வெளக்கு இல்லீங்க டீச்சர், நானு.”

ஓட்டல் திறப்புக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் நுழைந்ததும் அக்கா நின்றுவிட்டார். கூரை முழுக்க அவர் விளக்குகள், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று தேன். சுவரெல்லாம் இலையும் கொடியுமாக வெளிச்சம். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் விளக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. “எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு” என்றார் அதில் ஒருவர்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ! “எங்கக்கா செஞ்சதுங்க! கொல்லிமலைங்க!” என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். ஓட்டலே திரும்பிப் பார்த்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

நான் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவள் என்பது அப்போது எனக்கே நினைவில்லை.