தலைவனாவதற்கு ஆறு சனிக்கிழமைகள்

தலைவனாகிவிடுவது என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. அதற்கு முன்பும் ஒரு மினிபஸ்ஸுக்கு நான்தான் தலைவன். பதினாலு பேர் என் பின்னால் உட்கார்ந்து வருவார்கள். நான் திரும்பினால் திரும்புவார்கள். நிறுத்தினால் இறங்கிப் போய்விடுவார்கள், அதுதான் குறை.

பொலிவியாவில், கொச்சபாம்பா நகரத்துக்குத் தெற்கே, மலைச்சரிவில் எங்கள் குடியிருப்பு. நகரத்துக் குழாய் இவ்வளவு உயரம் ஏறி வராது. நாங்களே கிணறு வெட்டி, உச்சியில் தொட்டி கட்டி, குழாய் போட்டுக்கொண்டோம். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பதைத் தண்ணீர்க் கமிட்டித் தலைவர் தீர்மானிப்பார். அவரைக் கண்டு தொப்பியைத் தொடாத ஆள் எங்கள் மலையில் இல்லை. பழைய தலைவரின் காலம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் என் தலை தொப்பிக்குள் அடங்க மறுத்தது.

அதே மாதம் மாதாகோயில் கூடத்தில் மார்லேனே என்ற அம்மையார் தலைமைப் பண்புக்கு வகுப்பு ஆரம்பித்தார். ஆறு சனிக்கிழமைகள், இலவசம். முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். என் மனைவி செனோபியா மினிபஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலைச் சூப் விற்கிறவள். செய்தியைச் சொன்னதும் கரண்டியை நிறுத்தாமலே, போய்ட்டு வா, சனிக்கிழமையாவது வீடு அமைதியாக இருக்கும் என்றாள்.

முதல் வாரம், தன்னை அறிதல். உடன் வாழ்பவரிடம் நம் குறைகளில் மூன்றை எழுதி வாங்கி வர வேண்டும். தாளை நீட்டினேன். செனோபியா நிதானமாக எழுதினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். இன்னொரு தாள் இருக்கிறதா என்று கேட்டாள். வகுப்பிலேயே விரிவான பட்டியல் என்னுடையதுதான் என்று அம்மையார் பாராட்டினார்.

இரண்டாம் வாரம், கேட்டல். குறுக்கே பேசக்கூடாது, தலையாட்ட வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து, தலைவன் என்பவன் முதலில் கேட்க வேண்டும் என்றேன்.

"கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே. சூப்பு கேட்டே, துவைச்ச சட்டை கேட்டே. நான் சொல்றதை மட்டும்தான் கேக்கல" என்றாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள். கடைசியில் குழாயில் வந்து நின்றாள்.

அந்தக் குழாயைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேல்தெருவுக்குப் போகும் குழாயில் ஒரு வெட்டு வைத்து, மண்ணுக்கடியில் எங்கள் கொல்லைக்கு ஒரு கிளை இழுத்துக்கொண்டேன். வண்டி கழுவத்தான். அதிலிருந்து மேல்தெருவில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகியது. எல்லோரும் மோட்டாரைத் திட்டினார்கள். உண்மை தெரிந்தவர்கள் நானும் செனோபியாவும்தான். மேல்தெரு கிரிசெல்தா, விதவை, இடுப்பு வளைந்தவள். தினமும் கீழே வந்து நான்கு வாளி சுமந்துகொண்டு ஏறுவாள்.

"உனக்கு வண்டி பளபளன்னு இருக்கணும். அந்தம்மா என் எதிர்ல உக்காந்து சூப்பு குடிக்கறப்ப நான் எங்க பாக்கறது, சொல்லு."

தலையாட்டினேன். "ஆக, அந்தம்மா சூப்பு குடிக்கறப்ப எங்க பாக்கறதுன்னு உனக்குத் தெரியல" என்று முறைப்படி திருப்பிச் சொன்னேன். அவள் பானை கழுவப் போனாள்.

மூன்றாம் வாரம் குரல். நான்காம் வாரம் பொறுப்பைப் பகிர்தல்; பகிர்ந்தபின் பெருமையையும் பகிர வேண்டுமாம். முதல் பாதி எனக்குப் பிடித்திருந்தது. வீடு வீடாகப் போய் எனக்கு ஓட்டு கேட்கும் பொறுப்பைச் செனோபியாவிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். எண்பத்து நான்கு வீடு ஏறி இறங்கினாள். என்ன பேசினாய் என்றேன். நான் எங்கே பேசினேன், அவங்க பேசினாங்க, உக்காந்து கேட்டேன் என்றாள்.

ஐந்தாம் வாரம், தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் துணிச்சல். இதை எந்த மடையன் செய்வான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். செனோபியா முதல் தடவையாக, இன்னைக்கு என்ன பாடம் என்று அவளாகவே கேட்டாள். சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள்.

"அடுத்தவன் தோண்டிப் பாத்துச் சொன்னா நீ திருடன். நீயே எந்திரிச்சுச் சொன்னா தலைவன். யோசிச்சுக்க."

வாக்கியம் நன்றாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பந்தாடும் மைதானத்தில் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். செனோபியா வெல்வெட் பாவாடை, புது வெள்ளைத் தொப்பி சகிதம் வந்திருந்தாள். என் வெற்றிக்குத்தான் என்று பூரித்துப்போனேன். என் முறை வந்ததும் எழுந்தேன். எல்லார் கண்ணையும் பார்த்தேன். குழாய்க் கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

முன்வரிசையில் இருந்து கிரிசெல்தா கேட்டாள். "ரெண்டு வருஷமாவா?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டாள். கோபத்துக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். இதற்குப் பாடம் இருக்கிறதா என்று நோட்டைப் புரட்டினேன்.

இத்தனை நாள் கழித்து இப்போது எப்படிச் சொல்லத் தோன்றியது என்று பழைய தலைவர் விசாரித்தார். தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் நான்காம் வாரப் பாடத்தை எடுத்து விட்டேன். எல்லாப் பெருமையும் என் மனைவிக்கே, அவள்தான் சொல்லச் சொன்னாள் என்று மூன்றாம் வாரக் குரலில் முழங்கினேன்.

"அப்ப அந்தம்மாவையே போட்டுருவோம்" என்றாள் கிரிசெல்தா.

எண்பத்து நான்கு வீட்டுக் கைகளும் எழுந்தன. எனக்கென்று ஒரு கையாவது கீழே இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, என்னுடையது. எல்லோரும் அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தூக்கிவிட்டேன். ஒருமனதாக என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி நடக்கும்போது, முன்னாலேயே திட்டம் போட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"பதவி யாருக்கு வேணும், ரெமிஹியோ. குழாயைப் பிடுங்குன்னு ரெண்டு வருஷமாச் சொன்னேன். புருஷனா நீ கேக்கல. தலைவனாக் கேட்டே."

திங்கட்கிழமை நானே தோண்டி, நானே அடைத்தேன். மேல்தெருப் பெண்கள் நின்று பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் தடதடவென்று வந்தது. யாரும் என்னோடு பேசவில்லை.

ஆறாவது சனிக்கிழமை, புதிதாகப் பதவிக்கு வந்தவர் பேசினால் நன்றாக இருக்கும் என்று அம்மையார் சொல்லி அனுப்பினார். செனோபியா போனாள். மினிபஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, சூப்புப் பானையின் பின்னால் நான் நின்றேன்.

முதலில் வந்தவர் ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்தம்மா எத்தனை மணிக்கு வருவாங்க என்று கேட்டார்.