செபமாலைக் கூட்டத்துக்கு அளவெடுத்த போட்

எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் தந்த சேர்ட் இறுக்கமாக இருந்தால், "இதைவிடப் பெரிசு இருக்கோ?" என்று கேட்க மாட்டேன். அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மெலிவதற்கு முயற்சி செய்வேன். (இன்றுவரை ஒரு சேர்ட்டுக்காகவும் மெலிந்ததில்லை.) சேர்ட் என்றால் தம்பியிடம் கொடுத்துவிடலாம். டீசல் எஞ்சின் பூட்டிய கபின் போட்டை யாரிடம் கொடுப்பது?

விடத்தல்தீவில் கண்டல் காடு பார்க்க வருகிறவர்களைப் போட்டில் ஏற்றி இறக்குவது என் தொழில். என்னிடம் இருந்தது பதினெட்டு அடி பைபர் போட். பின்னால் ஓர் அவுட்போட் எஞ்சின். தண்ணீர் குறைந்த இடம் வந்தால் எஞ்சினை மேலே தூக்கிவிட்டு, கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவேன். பல வருடங்களாக அப்படியே செய்து, அது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. மூச்சு விடுகிறோம் என்று யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தப் போட்டில் நிழல் இல்லை. மழைக்கு ஒதுங்க இடமில்லை. பெண்களுக்கு அவசரம் என்றால் கண்டல் மரத்தைத்தான் காட்ட வேண்டும். அதனால் கபின் உள்ள டீசல் போட்டுக்கு மாறுவோம் என்று நானும் மனைவி றோசும் முடிவெடுத்தோம்.

அதே நேரத்தில்தான் மகள் ஜெனிற்றாவுக்கு பாப்பாமோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெடியனின் பெயர் ஜூட். நல்ல பெடியன். மகளுக்கும் அவனை முன்பே பிடித்திருந்தது. (அது எங்களுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.) சிக்கல் ஜூட்டின் அப்பா சூசை அண்ணையிடம் இருந்தது. அவர் பரம்பரை வயல்காரர். "கடல்காரர் நிலையில்லாத ஆக்கள். கையில இருக்கிறதையெல்லாம் தண்ணிக்குள்ள விட்டுடுவினம்" என்று அவர் யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவு ஜெனிற்றா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

"புதுப் போட்டைக் காட்டித்தான் அந்தாளின்ர மனசை மாத்தோணும்" என்றாள் றோஸ். "சின்னனா வாங்கி மானத்தை வாங்கிப்போடாதேங்கோ."

எவ்வளவு பெரிய போட் வாங்குவது? நான் இருபத்தெட்டு அடி என்றேன். காணாது என்றாள் அவள். சரி, அளந்து பார்ப்போம் என்று முற்றத்தில் இருபத்தெட்டு அடி நீளத்துக்குக் கயிறு போட்டேன். முன்பக்கம் கூராக, பின்பக்கம் சதுரமாக, அசல் போட் மாதிரி. கோயில் மண்டபத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் இரவல் வாங்கி வந்து உள்ளே வரிசையாக வைத்தேன். சுக்கான் பிடிக்கும் இடத்தில் ஒரு வாங்கு. கக்கூசுக்குப் பதிலாகத் தண்ணீர் பரல்.

அது ஒக்ரோபர் மாதம். எங்கள் ஊரில் அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் செபமாலை சொல்வார்கள். முற்றத்தில் கதிரை கிடந்தால் அன்று அந்த வீட்டு முறை என்று அர்த்தம்.

முதலில் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா கையில் செபமாலையுடன் வந்தார். "இண்டைக்கு உங்கட வீட்டையோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று கேட்டுவிட்டு, நேராகப் போய் எஞ்சின் வரவேண்டிய இடத்தில் உட்கார்ந்தார். "அக்கா, இது செபத்துக்கில்லை, இது போட்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னும் நாலு பேர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். பிறகு ஒரு குடும்பம். பிறகு பாடகர் குழுவில் பாதி. றோஸ் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்து, தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

கதிரைகள் நிரம்பிவிட்டன. மிச்சப் பேர் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். என் கணக்குப்படி அவர்கள் கடலுக்குள் நின்றார்கள். முழு செபமாலையும் சொல்லி, பாட்டும் பாடி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு எல்லாரும் போனார்கள். பிலோமினா அக்கா போகும்போது, "நல்லாத்தான் ஒழுங்கு செய்திருக்கிறாய் தம்பி. ஏன் கயிறு கட்டினனீ?" என்று கேட்டார். "ஆடு மாடு வராமல் இருக்க அக்கா" என்றேன். (எங்களிடம் ஆடும் இல்லை, மாடும் இல்லை.)

றோஸ் கதிரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பாத்தனீங்களே? இருவத்தெட்டு காணாது."

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் சிரித்திருப்பான். நான் முப்பத்து நாலு அடிக்குப் போனேன்.

போட் கட்டுகிற இடம் சிலாபம் பக்கத்தில். அங்கே போட் கட்டுகிற சிங்கள பாஸ் கொஞ்சம் தமிழ் பேசுவார். முப்பத்து நாலு அடிப் போட்டின் வயிற்றுப் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "ஐயா, உங்கட பக்கம் தண்ணி எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். அங்கே நின்ற வேலையாட்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு என் பெயரே மறந்துவிடும்.

"நிறைய" என்றேன். "கடல்தானே."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

போட் கடல் வழியாக வந்து சேர்ந்த நாள் பௌர்ணமி. தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. எந்தத் தடையும் இல்லாமல் இறங்குதுறைக்கே வந்து நின்றது. வெள்ளையும் நீலமும் பூசி, கபினுக்குத் திரைச்சீலை எல்லாம் போட்டு, ஒரு சின்னக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அதைப் பார்க்கவென்றே ஊர்க்காரர் இரண்டு தடவை கடைக்குப் போனார்கள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட் மந்திரிக்கிற நாள் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்தோம். அவர்கள் உழவு மெசினுக்குப் பின்னால் பெட்டி பூட்டி, அதற்குள் கதிரை வைத்து, குடும்பமாக வந்து இறங்கினார்கள். ஜூட்தான் மெசினை ஓட்டிவந்தான். பாதர் வந்து போட்டுக்குத் தீர்த்தம் தெளித்துச் செபித்தார். "ஏறுங்கோ பாதர், ஒரு சுத்து போட்டு வருவம்" என்றேன். அவர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கு வேற பூசை இருக்கு" என்று மோட்டார் சைக்கிளில் ஏறினார். இதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

மெசினுக்குக் காவலாக ஜூட் கரையில் நிற்க, மற்றவர்கள் ஏறினார்கள். சூசை அண்ணை கபினுக்குள் போய்த் தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். யன்னலைத் திறந்து மூடினார். "ம்ம். பெரிசாத்தான் இருக்கு" என்றார். அன்று சாப்பிடாமல் படுத்த பிறகு முதல் தடவையாக ஜெனிற்றா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் நெஞ்சு நிமிர்ந்து, சேர்ட் பொத்தான் ஒன்று தெறித்தது.

கண்டல் வாய்க்காலில் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். இறங்குதுறையில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம். போட் மெதுவாக, பஞ்சுத் தலையணையில் தலை வைப்பது போல, நின்றது. எஞ்சின் இரைந்தது. பின்னால் சேறு குழம்பிக் கறுப்பாக வந்தது. என் கை தானாகப் பின்னுக்குப் போய் எஞ்சினைத் தூக்கப் பார்த்தது. அங்கே தூக்க ஒன்றும் இல்லை. எஞ்சின் கீழே, பலகைக்கு அடியில், சேற்றுக்குப் பக்கத்தில் சௌகரியமாக இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, "அந்தா பாருங்கோ, பூநாரைக் கூட்டம்" என்றேன்.

எல்லோரும் பார்த்தார்கள். நல்ல வடிவாகத்தான் இருந்தது. நான் காலநிலை, மீன், கண்டல் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். பூநாரைகள் மேய்ந்துகொண்டே எங்களிடம் நெருங்கி வந்தன. அதில் ஒன்று போட்டின் ஓரமாக வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது.

சூசை அண்ணையின் மனைவி என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. அந்தக் கொக்கு நடந்தெல்லோ போகுது?"

தண்ணீர் பூநாரையின் முழங்காலுக்குக்கூட வரவில்லை. அந்த நேரம் பார்த்து, தண்ணீர் இன்னும் வற்றி, போட் ஒரு பக்கமாகச் சரிந்தது. றோஸ் காலையிலேயே எழும்பிச் செய்த பலகாரத் தட்டு மேசையால் வழுக்கிக்கொண்டு போய்ச் சூசை அண்ணையின் மடியில் நின்றது.

"இஞ்சாருங்கோ" என்றாள் றோஸ். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலை நான் இன்னும் கனவில் கேட்கிறேன். ஜெனிற்றா கபினுக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சூசை அண்ணை பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். "சேறுதானே? சேறு எங்களுக்குப் புதுசோ? டேய் ஜூட்! மெசினைக் கழட்டிக்கொண்டு வாடா, கயிறு போட்டு இழுப்பம்!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார்.

"வேண்டாம் அண்ணை, இது..." என்று தொடங்கினேன். மிச்சம் வழக்கம்போலத் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஜூட் பெட்டியைக் கழற்றிவிட்டு மெசினைக் கொண்டுவந்தான். கரையோரம் ஏதோ கட்டாந்தரை போலத்தான் தெரிந்தது. மெசின் கொஞ்சம் வந்தது. பிறகு பின் சில்லு இறங்கியது. ஜூட் இன்னும் மிதித்தான். அது இன்னும் இறங்கியது. கடைசியில் அவன் இருக்கையில் எழும்பி நின்று தகப்பனைப் பார்த்தான். வயல் சேற்றுக்கு அடியில் எங்கேயாவது தரை இருக்கும். எங்கள் சேற்றுக்கு அடியில் இன்னும் சேறுதான் இருக்கும்.

சூசை அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன். தொடை வரைக்கும் புதைந்தோம். ஒரு பக்கம் என் போட். மறு பக்கம் அவருடைய மெசின். நடுவில் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் தோளை ஒருவர் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

"என்ர மெசினும் போச்சு" என்றார்.

"சொல்ல வந்தனான் அண்ணை."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"கூச்சமா இருந்திச்சு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். திடீரென்று வெடித்துச் சிரித்தார். சிரித்ததில் கால் தவறி என்னையும் இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்து உட்கார்ந்தார்.

மேலே போட்டின் விளிம்பைப் பிடித்தபடி அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். "றோஸ், இதுகள் ரெண்டும் ஒரே மாதிரியான மனிசர். இனி என்ன பொருத்தம் பாக்கக் கிடக்கு? பிள்ளை ஜெனிற்றா, அந்தச் சீலையை விலத்து. தண்ணி ஏறும் மட்டும் பலகாரத்தைச் சாப்பிடுவம்."

திரைச்சீலை விலகியது.

தண்ணீர் ஏற மாலையாகிவிட்டது. போட் மிதந்தது. மெசின் மிதக்கவில்லை. அடுத்த நாள் வேறு இரண்டு மெசின் வந்துதான் அதை எடுத்தன. கல்யாணம் அந்தச் சித்திரையில் நடந்தது. முப்பத்து நாலு அடியை ஆழ்கடலுக்குப் போகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் வாய்க்காலுக்கு ஏற்ற, அடி தட்டையான சின்னக் கபின் போட் ஒன்று எடுத்தேன். இது மிதக்க எவ்வளவு ஆழம் வேண்டும் என்று இந்த முறை பாஸிடம் நானே கேட்டேன். கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன், அது வேறு கதை.

இப்போது மருமகன் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் அலுமாரி வாங்கினாலும் சம்மந்தியம்மா முதலில் கேட்பது, "கொக்கு நடக்குதோ எண்டு பாத்தனீங்களே?" என்றுதான்.

எங்கள் வீட்டுச் செபமாலை முறை வந்தால் றோஸ் முற்றத்தில் கதிரை போட்டுவிட்டு, வேலிக்கு மேலால் குரல் கொடுப்பாள். "அக்கா, வாங்கோ! இது செபத்துக்குத்தான், போட்டுக்கில்லை!"

பிலோமினா அக்கா அந்தப் பக்கமிருந்து கேட்பார்: "அப்ப செருப்புப் போட்டுக்கொண்டு வரலாமோ, இல்லாட்டிச் சேறு கிடக்குமெண்டு சீலையைத் தூக்கிக்கொண்டு வரட்டோ?"