மூக்குப்பொடிக் கலர் விற்காத சுங்குடியக்கா

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக்கூட வயதாகலாம், சுங்குடியக்காவுக்கு ஆகாது. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் நாகல் நகருக்கு மருமகளாக வந்தபோது தெருவே ஒப்புக்கொண்டிருந்த உண்மை இது. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அவர் சேலை விற்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் சின்னாளபட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். இடுப்பில் சுங்குடிச் சேலை மூட்டை, தலை நிறைய நரை, நரைக்கு மேல் பந்தல் போட்டாற்போல் கனகாம்பரம். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளையும் அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும், பல் போன கிழவரும் அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும். என் மாமியாருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அப்படியானால் நானும் மாமியாரும் அக்காள் தங்கையா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆயிட்டுப் போங்களேன். வீட்டுல சண்டை கொறையும்" என்றார்.

சாயம் போடும் ஊரிலிருந்து வந்துகொண்டு தலைக்குக் கொஞ்சம் மை பூசக்கூடாதா என்று எதிர்வீட்டு டீச்சர் சீண்டுவார். "வெளுத்த துணியிலதான் டீச்சர் கலரு எடுப்பா இருக்கும்" என்று கனகாம்பரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு நடப்பார்.

ஒருநாள் வத்தலக்குண்டில் வியாபாரம் முடித்து அவர் ஏறிய பஸ்ஸில் நானும் இருந்தேன். நல்ல கூட்டம். காலேஜ் பையன் ஒருவன் மரியாதையாக எழுந்து, "பாட்டி, உக்காருங்க" என்றான். வந்தது வினை.

"பாட்டி யாராச்சும் வந்தா உக்காரச் சொல்லு தம்பி. நான் நின்னுக்கிறேன்."

அவர் உட்காரவில்லை. எழுந்த பையனுக்கும் மறுபடி உட்காரத் துணிச்சல் இல்லை. மற்ற பெண்கள், உட்கார்ந்தால் பாட்டியாகிவிடுவோமோ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். "யாராச்சும் உக்காந்து தொலைங்களேன்" என்று கண்டக்டர் கெஞ்சிப் பார்த்தார். மூச்சுவிட இடமில்லாத அந்தப் பஸ்ஸில் ஒரு இருக்கை மட்டும் ஜமீன்தார் மாதிரி காலியாகத் திண்டுக்கல் வந்து சேர்ந்தது.

இளமைக்கு என்ன வைத்தியம் என்று கேட்காத பெண் தெருவில் இல்லை. ஆளுக்கொன்று சொல்வார். ஒருத்திக்குக் கறிவேப்பிலைத் துவையல், இன்னொருத்திக்கு வெந்தயம். டீச்சரிடம், "காலையில பத்து மணி வரைக்கும் புருசங்கிட்ட வாயக் குடுக்காதீங்க" என்றார். எங்கள் தெருவில் அதிகம் பேர் கடைப்பிடித்தது இந்தக் கடைசி வைத்தியத்தைத்தான்.

என் மாமியாருக்கு மட்டும் எந்த வைத்தியமும் ஏறவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

நான் அந்த வீட்டில் கால் வைத்த அன்றுவரை அத்தைக்கு வயது நாற்பத்து நான்கு. மறுநாள் காலை எழுபது. அரக்கு, கிளிப்பச்சைச் சேலையெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போயின. மேட்டினி சினிமா நின்றது. உட்கார்ந்தால் ஒரு முனகல், எழுந்தால் ஒரு முனகல். பூக்காரியிடம் நான்கு முழம் மல்லிகை வாங்கி முழுவதையும் என் தலையில் வைப்பார். எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

"நீங்களும் வச்சுக்கங்க அத்தை."

"மருமக வந்த வீட்டுல மாமியாளும் பூ வச்சா ஊரு சிரிக்கும். நான் வந்தப்ப எங்க மாமியாளும் இப்படித்தேன் பூவ விட்டாங்க."

ஒரு நல்ல மனுஷி என்னால் கிழவியாகிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை அக்காவிடம், கிழவிகள் கட்டும் மூக்குப்பொடிக் கலரில் சேலை கேட்டார்.

"அந்தக் கலரு பொடி மட்டைக்குத்தேன். மனுசிக்குக் கிடையாது" என்றார் அக்கா.

"நீ தராட்டி வேற ஆளுகிட்ட வாங்கிக்கிறேன்."

அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். அதற்கப்புறம் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் படியேறவில்லை. என்னால் இந்த உறவும் போயிற்று என்று நினைத்தேன்.

ஒருநாள் வந்தார். சுருங்கிக் கிடந்த ஒரு துணியை அத்தை மடியில் போட்டார். சுத்தமான மூக்குப்பொடிக் கலர், மேலெல்லாம் நூல் முடிச்சு. அசல் சுங்குடியை முடிச்சோடுதான் தருவார்கள். வாங்குகிறவர்கள் இருபுறமும் பிடித்து இழுத்தால் முடிச்சு தெறித்து உள்ளே சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளி தெரியும்.

"கேட்ட கலரு. பிரிச்சுக்க தங்கச்சி."

ஒரு முனையை நான் பிடித்தேன். முனகிக்கொண்டே எழுந்து மறுமுனையை அத்தை பிடித்தார். இழுத்தோம். கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று முடிச்சுகள் தெறித்தன. உள்ளே மஞ்சள். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் பளிச்சென்று மஞ்சள் புள்ளி. சேலைக்கு முதலில் மஞ்சள் சாயம் கொடுத்து, முடிச்சுப் போட்டபின் பொடிக் கலரில் முக்கியிருக்கிறார். அத்தை வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக இழுத்தார். நான் தூணில் போய் மோதினேன். முனகல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஏமாத்திட்டியேக்கா."

"கலரு நீ கேட்டது. புள்ளிக்கு நீ ஒண்ணும் சொல்லலையே."

அன்று சாயங்காலம் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அத்தை கண்ணாடி முன் நின்றார். என் தலையிலிருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒனக்கு எதுக்கு இம்புட்டு? கழுத்து வலிக்கும்" என்று பாதியைக் கிள்ளித் தன் கொண்டையில் வைத்துக்கொண்டார். மறுநாள் இருவரும் மேட்டினி போனோம். ஊர் சிரித்ததாகத் தெரியவில்லை.

இப்போது எனக்கும் மருமகள் வந்துவிட்டாள். அக்கா இல்லை. போன மாதம் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து, "பாட்டி, உக்காருங்க" என்றான். வேண்டாமென்று நின்றுகொண்டேன். அவனும் உட்காரவில்லை. திண்டுக்கல்வரை காலியாகவே வந்த அந்த இருக்கையைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன்: "கொஞ்ச நேரம் நீங்க உக்காருங்கக்கா. நான் நின்னுக்கிறேன்."